விண்டோ: காற்றுக்குக் கண் வைத்த சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜன்னலுக்கு ஆங்கிலத்தில் விண்டோ. சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிற சொல் என்பதால் அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. உண்மையில் அது இரண்டு சொற்கள் சேர்ந்த கூட்டுச்சொல். ஒட்டிய இடம் தேய்ந்து தேய்ந்து மறைந்துவிட்டது. அதன் பிறப்பு, பயணம், உறவுகள் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

விண்டோ எந்த இரண்டு சொற்களின் சேர்க்கை?

ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் விண்ட்ர் என்றால் காற்று, ஔகா என்றால் கண். இரண்டும் சேர்ந்து விண்டௌகா. நேர்ப்பொருள் காற்றுக்கண்.

விண்ட்ர் என்பதன் கடைசியில் உள்ள ‘ர்’ எழுவாய் வேற்றுமையைக் காட்டும் ஒட்டு. கூட்டுச்சொல்லில் முதலில் நிற்கும்போது அது விழுந்துவிடும். மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் விழுகிறதே, அதுபோல. நம் இலக்கணப்படி சொன்னால், ‘காற்றுக்கு வழிவிடும் கண்’ என்று விரிகிற இது, நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

விண்ட் என்றால் ஆங்கிலத்திலேயே காற்றுதானே? அதற்கு ஏன் நார்ஸ் வரை போக வேண்டும்?

நல்ல கேள்வி. முன்பாதியை மட்டும் பார்த்தால் ஆங்கிலச் சொல்லே போதும் என்று தோன்றும். பின்பாதியில்தான் சிக்கல். ‘ஓ’ என்று முடிகிற கண் ஆங்கிலத்தில் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் கண் ஏஅகெ. அது இன்றைக்கு ஐ என்று ஒலிக்கிறது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள்ளேயே பிறந்திருந்தால் இன்று ‘விண்டை’ என்பதுபோல ஏதோ ஒன்றாகத்தான் இருந்திருக்கும். கடைசியில் ‘ஓ’ இருப்பதே இது வெளியிலிருந்து வந்தது என்பதற்கு முதல் சாட்சி.

காற்றைக் குறிக்கும் சொல் இரண்டு மொழிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நார்ஸ் எழுத்தில் இன்று ‘வ்’ என்று வாசிக்கும் ஒலி, வைக்கிங் காலத்தில் இதழ் குவித்துச் சொல்லும் ஒலியாக, ஆங்கில விண்டின் முதல் ஒலியைப் போலவே இருந்தது. அதனால் ஆங்கிலேயர் காதுக்கு முன்பாதி சொந்தச் சொல்லாகவே பட்டது. வந்த சொல் அந்நியமாகத் தெரியாமல் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நார்ஸ் சொல் இங்கிலாந்துக்கு எப்படிப் போயிற்று?

படகில். 793இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைத் தாக்கினார்கள். 865இல் பெரும்படை ஒன்று வந்திறங்கியது. அடுத்த ஆண்டே யார்க் நகரம் அவர்கள் கையில். பிறகு கொள்ளை குறைந்து குடியேற்றம் பெருகியது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நார்ஸ் பேசும் குடும்பங்கள் நிலம் உழுது, அக்கம்பக்கத்து ஆங்கிலக் குடும்பங்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தார்கள். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடிகிற ஊர்ப்பெயர்கள் அவர்கள் விட்டுப்போன தடம், ‘பி’ என்பது அவர்கள் மொழியில் ஊர். 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட கனூட் டென்மார்க் அரச குடும்பத்தவர்.

படையெடுத்து வந்தவர்களின் மொழி பொதுவாக அரண்மனைச் சொற்களைத் தரும். நார்ஸ் தந்ததோ வீட்டுச் சொற்களை. முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், காலுக்கு லெக், தோலுக்கு ஸ்கின், வானத்துக்கு ஸ்கை, ‘அவர்கள்’ என்பதற்குத் தே என எல்லாமே நார்ஸ் வரவு. ஹஸ்பண்ட் என்பதும் அப்படித்தான்: ஹூஸ் என்றால் வீடு, போண்டி என்றால் குடியிருப்பவர், சேர்ந்து வீட்டுக்காரர். தமிழ்ப் பெண்கள் கணவரை ‘எங்க வீட்டுக்காரர்’ என்று சொல்வது அப்படியே அதே சொல். ஒரே அடுப்படியில் இரண்டு மொழிகள் புழங்கினால்தான் இப்படிப்பட்ட சொற்கள் கைமாறும்.

விண்டௌகா எப்படி விண்டோவாகத் தேய்ந்தது?

இதுதான் கதையின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஔகா என்பதில் வருகிற ‘க’ அழுத்தமான ககரம் அல்ல. ‘பகல்’, ‘அகம்’ என்னும்போது நாம் தொண்டையில் மெலிதாக உரசிச் சொல்கிறோமே, அந்த ஒலிக்கு நெருங்கியது. இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்த ககரம் அதிக நாள் தாங்காது. ‘பாகற்காய்’ பேச்சில் ‘பாவக்கா’ ஆகிறது. ‘போகும்’ என்பது ‘போவும்’ ஆகிறது. ஆங்கிலத்திலும் அதே நெகிழ்ச்சி நடந்தது. 1200ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் இச்சொல் தலைகாட்டும்போது விண்டொகெ, விண்டொஹெ என்ற வடிவங்களில் இருக்கிறது. பிறகு ககரம் வகரமாகி விண்டொவெ. கடைசியில் நின்ற எகரமும் பேச்சில் விழுந்து, இன்றைய விண்டோ.

இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல என்பதுதான் முக்கியம். ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஜெர்மனில் இதே இடங்களில் ககரம் இன்றும் இருக்கிறது. வில்லுக்கு ஜெர்மனில் போகன், ஆங்கிலத்தில் போ. பின்தொடர்வதற்கு ஜெர்மனில் ஃபோல்கன், ஆங்கிலத்தில் ஃபாலோ. கவலைக்கு ஜெர்மனில் ஸோர்கெ, ஆங்கிலத்தில் ஸாரோ. இந்த வரிசையில் கண்ணுக்கு ஜெர்மன் ஔகெ என்பதை வைத்தால், அதற்கு நேரே ஆங்கிலத்தில் நிற்பது விண்டோவின் கடைசி ‘ஓ’. ஒரே வாய்ப்பாட்டில் நான்கு கணக்கும் சரியாக வருகிறது.

வடக்கே ஸ்காட்லாந்தில், ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஸ்காட்ஸ் பேசுகிறவர்களிடம் ககரம் முற்றும் போகவில்லை. அவர்களுடைய பழைய சொல் வின்னக். அந்தக் கடைசிக் ‘க்’ நார்ஸ் கண்ணின் மிச்சம்.

அப்படியானால் ‘ஐ’யும் ‘ஓ’வும் ஒரே சொல்லா?

ஆம். ஆங்கிலக் கண்ணும் நார்ஸ் கண்ணும் ஒரே ஜெர்மானிய மூதாதையின் பிள்ளைகள். ஆங்கிலக் கிளையில் ககரம் பக்கத்து எகரத்தோடு சேர்ந்து யகரமாயிற்று. நார்ஸிலிருந்து வந்த சொல்லில் ஒகரத்துக்கு அருகே வகரமாயிற்று. தமிழில் உடம்படுமெய் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: இ, ஈ, ஐ என்னும் உயிர்களை அடுத்து யகரம், மற்ற உயிர்களை அடுத்து வகரம். வாய் அமையும் விதம் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதானே.

விண்டௌகா வருவதற்கு முன் ஆங்கிலேயர் ஜன்னலை என்ன சொன்னார்கள்?

இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ஏஅக்திர்ல், கண் துளை. மற்றது ஏஅக்துரு, கண் கதவு. இரண்டிலும் கண் இருக்கிறது, காற்று இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இன்னொரு ஜெர்மானிய மொழியான கோத்திக்கிலும் ஔகதௌரோ, அதாவது கண் கதவு. ஆக, சுவரில் உள்ள துளையைக் கண் என்று சொல்வது அந்த இனத்தின் பழைய வழக்கம். காற்றை அதோடு சேர்த்தது நார்ஸ்காரர்கள்.

திர்ல் என்பது துளை. அந்தச் சொல் தனியாகச் செத்துவிட்டது; ஆனால் இன்றும் ஒவ்வோர் ஆங்கிலேயரின் முகத்திலும் இருக்கிறது. நாசித்துளைக்கு நாஸ்ட்ரில் என்கிறார்களே, அது பழைய நொஸ்திர்ல், மூக்குத் துளை. சிலிர்ப்பைச் சொல்லும் த்ரில் என்பதும் அதே வேர். முதலில் அதன் பொருள் துளைப்பது. பிறகு நெஞ்சைத் துளைப்பது. இப்போது திகில் படத்துக்கு வந்து நிற்கிறது.

ஜன்னலுக்குப் போய் ஏன் காற்று? வெளிச்சத்தை வைத்துப் பெயர் சொல்லியிருக்கலாமே?

கண்ணாடி போட்ட ஜன்னலை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பதால் வருகிற ஐயம் இது. வைக்கிங் காலத்து வீடு நீண்ட ஒற்றைக் கூடம். மரச்சுவர் அல்லது புல்மண் சுவர். நடுவில் தரையிலேயே தீக்குழி. சமையலும் குளிர்காய்வதும் அதில்தான். புகை போவதற்குக் கூரையில் ஒரு வாய், சுவரில் சிறு சிறு துளைகள். கண்ணாடி கிடையாது. மூடவேண்டுமானால் பலகை, அல்லது விலங்கின் சவ்வை இழுத்துக் கட்டிய சட்டம். நீண்ட குளிர்காலம் உள்ள நாட்டில் சுவரில் பெரிய துளை போட்டால் வீட்டுச் சூடு போய்விடும். துளையே இல்லாவிட்டால் புகையில் மூச்சுத் திணறும். அந்தச் சின்னத் துளையின் முதல் வேலை காற்றோட்டம், வெளிச்சம் அதற்குப் பிறகுதான். உள்ளே இருட்டிலிருந்து பார்த்தால் சுவரில் ஒரு கண் விழித்திருப்பதுபோல் தெரியும். இரண்டு பாதிக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

கண்ணாடி இங்கிலாந்தில் அறியப்படாததல்ல. 674இல் தொடங்கப்பட்ட மங்க்வேர்மத் மடத்துக்காக, அதை நிறுவிய துறவி பெனடிக்ட் பிஸ்கப் இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து கண்ணாடித் தொழிலாளர்களை வரவழைத்தார். ஆனால் அது மடத்துக்கும் மன்னருக்கும் கட்டுப்படியான செலவு. 1577இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாரிசன், பழைய நாட்டுப்புற வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் பிரம்பாலும் ஓக் மரச் சிம்பாலும் பின்னிய தட்டியே இருந்தது என்கிறார். சொல் பிறந்து பல நூறு ஆண்டுகள் வரைக்கும் சாதாரண வீட்டு விண்டோ காற்றுக்கண்ணாகவே இருந்திருக்கிறது.

பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் வேறு சொல் இருக்கிறதே?

அவையெல்லாம் லத்தீன் ஃபெனெஸ்ட்ராவின் வாரிசுகள். பிரெஞ்சில் ஃபெனெட்ர், இத்தாலியனில் ஃபினெஸ்ட்ரா, ஜெர்மனில் ஃபென்ஸ்டர், டச்சில் வென்ஸ்டர், வெல்ஷில் ஃபெனெஸ்ட்ர். நார்ஸின் நேர்வாரிசான ஸ்வீடிஷ்கூட ஃபான்ஸ்டர் என்று மாறிக்கொண்டது. ரோமானியர் வழி கட்டடக்கலை பரவியபோது சொல்லும் கூடவே போயிற்று.

ஆங்கிலத்திலும் அது நுழைந்தது. பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு அவர்கள் மொழி வழியாக வந்த ஃபெனெஸ்டர், விண்டோவோடு கூடவே 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை புழங்கிற்று. அரசாங்கம், நீதிமன்றம், சமையல் என எல்லா இடத்திலும் பிரெஞ்சுச் சொல் வென்ற மொழியில், ஜன்னலில் மட்டும் குடியானவர் சொல் ஜெயித்தது. தோற்ற சொல்லின் நினைவாக நிற்பது டீஃபெனெஸ்ட்ரேஷன், அதாவது ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது. 1618 மே 23 அன்று பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் அப்படி எறிந்தார்கள், மூவரும் பிழைத்தார்கள். அந்த நிகழ்ச்சிதான் முப்பதாண்டுப் போரின் தொடக்கம்.

காற்றுக்கண்ணை இன்றும் வைத்திருப்பவர்கள் யார்?

டேனிஷில் விண்டுவெ, நார்வேஜியனில் விண்டு. நார்வேயின் இன்னொரு எழுத்து வழக்கான நியூநோர்ஸ்கில் விண்டௌகெ என்று கண் முழுசாகவே தெரிகிறது. ஃபாரோ தீவுகளிலும் உண்டு. ஐரிஷ் மொழி வேறு குடும்பம். ஆனாலும் டப்ளினில் குடியேறிய நார்ஸ்காரர்களிடமிருந்து வாங்கி ஃபுன்யோக் என்று வைத்துக்கொண்டது. ஐஸ்லாந்து மட்டும் வேறு சொல்லான க்ளுக்கி என்பதைப் புழங்குகிறது.

சுவர்த்துளையைக் கண் என்றோ காற்றுவழி என்றோ வேறு யாராவது சொன்னார்களா?

பலரும். ரஷ்ய மொழியில் ஜன்னல் ஒக்னோ. கண்ணுக்கு அங்கே பழைய சொல் ஓகோ. ஃபின்லாந்தின் இக்குனாவும் எஸ்டோனியாவின் ஆக்கெனும் ரஷ்யர் முதலான ஸ்லாவியரிடமிருந்து வாங்கியவை. ஸ்பானியர்கள் லத்தீன் சொல்லைத் தள்ளிவிட்டுக் காற்றிலிருந்து வென்டானா என்று ஆக்கிக்கொண்டார்கள். வியென்டோ என்றால் காற்று. நாசித்துளையையும் அவர்கள் மூக்கின் வென்டானா என்பார்கள். ஆங்கிலத்தில் மூக்கும் ஜன்னலும் ஒரே ‘துளை’யில் சந்தித்ததைப் பார்த்தோம், இங்கே ஒரே காற்றில் சந்திக்கின்றன.

சமஸ்கிருதத்தில் இரண்டு வழியும் உண்டு. கவாட்சம் என்பது பசுவின் கண். வட்ட ஜன்னலுக்குப் பெயர். வாதாயனம் என்பது காற்றின் வழி. கவாட்ச வடிவத்தைக் கண்ணால் பார்க்க மாமல்லபுரம் போதும்: 7ஆம் நூற்றாண்டு ரதங்களின் கூரை விளிம்பில் குதிரை லாட வளைவுக்குள் முகம் எட்டிப் பார்க்கும் சிற்பங்கள் இருக்கின்றனவே, அவை அந்த ஜன்னலின் கல் வடிவம். நம் சிற்பிகள் அதைக் ‘கூடு’ என்பார்கள்.

தமிழில் இருப்பதுதான் எல்லாவற்றையும் விட அழகு. கால் என்பது காற்றின் பழம்பெயர், அதர் என்பது வழி. காலதர் என்றால் காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும் இடத்தில் ‘மான்கண் காலதர்’ என்று வருகிறது. மானின் கண்போன்ற துளைகள் கொண்ட காற்றுவழி. காற்றும் கண்ணும் ஒரே தொடரில்! கடலுக்கு அப்பால் ஒரு குளிர்நாட்டில் ஒரு சொல்லுக்குள் அடைபட்ட இரண்டு எண்ணமும் இங்கே பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அதே காப்பியத்தில் இன்னோர் இடத்தில் சாளரத்தின் ‘குறுங்கண்’ வழியாகத் தென்றல் வண்டோடு சேர்ந்து உள்ளே நுழைகிறது. பலகணி என்ற சொல்லிலும் கண் உண்டு: பல கண்களை உடையது, அதாவது பின்னல் ஜன்னல்.

ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். அங்கே புகையை வெளியேற்றத் துளை போட்டார்கள், இங்கே தென்றலை வரவேற்கத் துளை போட்டார்கள். பெயர் ஒன்றாக வந்தாலும் தேவை வேறு.

அப்படியானால் விண்டோவுக்கும் தமிழுக்கும் உறவு உண்டா? ‘விண்’ என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. விண் என்று தொடங்குவது தற்செயல். பழைய வடிவங்களில் நிற்கும் ககரத்துக்கு ‘விண்’ எந்தக் கணக்கும் சொல்லாது. டேனிஷ், ஐரிஷ், ஸ்காட்ஸ் வடிவங்களுக்கும் சொல்லாது. கால், கண் இரண்டும் திராவிடச் சொற்கள். விண்ட்ர், ஔகா இரண்டும் இந்தோ-ஐரோப்பியச் சொற்கள். எண்ணம் ஒன்று, இரத்தம் வேறு.

ஆனால் சுற்றிவளைத்து ஓர் உறவு உண்டு, சமஸ்கிருதம் வழியாக. ‘வீசு’ என்ற பொருள்கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து ஒரு பக்கம் நார்ஸ் விண்ட்ர், லத்தீன் வென்டுஸ். இன்னொரு பக்கம் சமஸ்கிருத வாத, வாயு. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்கிறோமே, அந்த வாதம் விண்டோவின் முன்பாதிக்கு ஒன்றுவிட்ட உறவு. கண்ணைக் குறிக்கும் இன்னொரு வேரிலிருந்து லத்தீன் ஒகுலுஸ், ஜெர்மானிய ஔகா, சமஸ்கிருத அக்ஷி. மீனாட்சி, காமாட்சி என்ற பெயர்களில் ‘ஆட்சி’யாகக் கேட்பது அந்த அக்ஷிதான். மதுரை மீனாட்சியின் பின்பாதியும் விண்டோவின் பின்பாதியும் ஒரே கொடியில் பூத்தவை.

ஜன்னல் என்பது எந்த மொழி?

போர்த்துகீசியம். அங்கே ஜனேலா. அதன் மூலம் லத்தீன் ஜானுவா, பொருள் கதவு. ஜனேலா என்றால் குட்டிக் கதவு. வாயில்களின் கடவுளான ஜானுஸும், ஆண்டின் வாயிலான ஜனவரியும் அதே குடும்பம். சாவி, மேசை, அலமாரி எல்லாம் ஜன்னலோடு ஒரே கப்பலில் வந்த போர்த்துகீசியச் சொற்கள். சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானாலா, மலாயில் ஜெண்டேலா என்று போர்த்துகீசியர் கால் வைத்த கரையெல்லாம் இது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜன்னல், சன்னல் என்றும் இலங்கைத் தமிழில் யன்னல் என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் அந்தந்த இடத்தில் சரியே.

பலகணியிலிருந்துதான் பால்கனி வந்தது என்கிறார்களே?

இணையத்தில் சளைக்காமல் சுற்றுகிற கருத்து. ஒலியும் பொருளும் நெருங்கியிருப்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் பால்கனி ஆங்கிலத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியனின் பல்கோனே என்ற சொல்லிலிருந்து. அதற்கு மூலம் உத்தரம், விட்டம் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல். சுவரிலிருந்து நீட்டிய விட்டங்களின்மேல் நிற்கும் மாடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆங்கிலேயர் அதை இத்தாலிய முறையில் நடு அசையை அழுத்தி, பல்கோனி என்றே உச்சரித்தார்கள். இன்றைய உச்சரிப்பு பலகணிக்கு நெருங்கியது அண்மைக் காலத்தில்தான். பலகணியின் பெருமைக்கு இந்த இரவல் உறவு தேவையில்லை.

ஒரு சொல்லின் மூலத்தை நாமே சரிபார்ப்பது எப்படி?

இன்றைய எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு, கிடைக்கிற மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். நல்ல வரலாற்று அகராதி ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆண்டு கொடுக்கும். விண்டோவில் இந்த முதல் படியிலேயே ககரம் வெளிப்பட்டுவிடுகிறது. அடுத்து, அந்த ஆண்டுக்கு முன் இரண்டு மொழிக்காரர்களும் ஓரிடத்தில் கலந்து வாழ்ந்ததற்கு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒலிமாற்றம். நீங்கள் சொல்லும் மாற்றம் அதே மொழியின் இன்னும் மூன்று, நான்கு சொற்களிலாவது அதேபோல் நடந்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மட்டும் விதி வகுத்தால் அது விதியல்ல. அக்கம்பக்கத்து மொழிகளில் உடன்பிறப்புகளைத் தேடுங்கள். கடைசியாக, பெயர் வைத்த காலத்தில் அந்தப் பொருள் எப்படி இருந்தது என்று பாருங்கள். கண்ணாடி ஜன்னலை வைத்து யோசித்தால் காற்றுக்கண் புரியாது.

பெரும்பாலும் தவறு நேர்வது முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால். ஆங்கிலேயரே குதித்திருக்கிறார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பலர் ‘ஓ’வுக்குப் பொருள் தெரியாமல், கதவைக் குறிக்கும் டோர் என்று நினைத்து, விண்டோர் என்று எழுதினார்கள். காற்றுக்கதவு. பொருள் பொருந்தத்தான் செய்தது, வரலாறு பொருந்தவில்லை.

ஜன்னல் கண்ணாடியைப் பேன் என்பது துணியிலிருந்து வந்ததாமே? அப்படியானால் முன்பு துணி கட்டினார்களா?

பேன் என்பதன் மூலம் லத்தீன் பன்னுஸ், துணித்துண்டு என்பது சரி. ஆனால் வழியில் அதற்கு ‘ஒரு பகுதி, ஒரு கட்டம்’ என்ற பொருள் வந்துவிட்டது. கண்ணாடிக் கட்டத்துக்கு வந்தது அந்தப் பொருளில்தான். துணி கட்டியதற்கு இந்தச் சொல் சான்றாகாது.

இப்படிப் பிரிவு மறைந்த கூட்டுச்சொற்கள் வேறு உண்டா?

நிறைய. டெய்ஸி என்ற பூ, ‘பகலின் கண்’. காலையில் விரிந்து மாலையில் குவிவதால். தானியக் களஞ்சியமான பார்ன், பார்லி வீடு. லார்ட் என்பது ரொட்டியைக் காப்பவர், லேடி ரொட்டி பிசைபவள். கார்லிக், ஈட்டிப் பூண்டு. கப்போர்டில் முதலில் கதவு கிடையாது, அது கோப்பைகளை அடுக்கி வைக்கும் பலகை. நம் சொற்களும் ஆங்கிலத்துக்குப் போய் இப்படி முகம் மறைத்து வாழ்கின்றன: கட்டுமரம் கேட்டமரானாகவும், மிளகுத்தண்ணீர் மல்லிகடானியாகவும்.

கண்ணாடி போட்டுக் காற்றையே தடுக்கிற ஜன்னலுக்கும் விண்டோ என்பது முரண் அல்லவா?

பிரிவு மறைந்தால் அந்த முரண் உறுத்தாது. எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும். ஆனாலும் தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர், சுடுதண்ணீர் வைக்கிறோம். ‘எள்’ளும் ‘தண்’ணும் காதில் விழாதபோது சொல் விடுதலையாகிவிடுகிறது. கணினித் திரையில் திறக்கிற கட்டத்துக்கு விண்டோ என்று பெயர் வைக்க முடிந்ததும் அதனால்தான். அங்கே காற்றும் இல்லை, சுவரும் இல்லை. தமிழ்க் கணினி வழக்கில் அதைச் சாளரம் என்கிறோம்.

காலதரை மறுபடியும் புழக்கத்துக்குக் கொண்டுவர முடியுமா?

ஜன்னலுக்குப் பதிலாக வேண்டாம், அது ஊன்றிவிட்டது. ஆனால் ஜன்னலுக்குமேல், கூரையை ஒட்டி, சூடான காற்று வெளியேற ஒரு சின்னத் திறப்பு விடுகிறார்களே, கொத்தனாரும் நாமும் வென்டிலேட்டர் என்கிறோமே, அதற்குக் காலதர் கச்சிதம். வென்டிலேட்டர் என்பதிலும் இருப்பது லத்தீன் காற்றான வென்டுஸ்தான். எட்டிப் பார்க்க உதவாத, வெளிச்சத்துக்கும் பெரிதாகப் பயன்படாத, காற்றுக்கு மட்டுமே விட்ட வழி அது. வரைபடத்தில் ஜன்னலை ‘ஜ’ என்று குறித்தால் பக்கத்தில் இதைக் ‘கா’ என்று குறிக்கலாம், ஒன்றோடொன்று குழம்பாது.